உடைந்த திருகாணியும் ஒரு நாள் பொறுமையும்

கான்பூரில் எங்கள் காலனியில் குடியிருக்கும் நண்பர் ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். லைசென்ஸ் பெற்ற .32 பிஸ்டல் ஒன்று வைத்திருக்கிறார். ஒரு நாள் காலை அதைத் துணியில் சுற்றி எடுத்து வந்தார். "சார், பிடியின் திருகாணி தலை முறிந்துவிட்டது. நீங்கள் எத்தனை இஞ்சின் பார்த்தவர்! இதைக் கொஞ்சம் எடுத்துக் கொடுங்களேன்" என்றார்.

மேகஸினைக் கழற்றி, சேம்பர் காலி என்பதை இருவரும் பார்த்துக்கொண்டோம். எனக்குக் கை அரித்தது உண்மை. ஆனால் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 5ஆம் பிரிவின்படி, துப்பாக்கி பழுது பார்ப்பதற்கும் லைசென்ஸ் வேண்டும். "சுபேதார் சார், என்னிடம் டிப்ளமா இருக்கிறது; அந்த லைசென்ஸ் இல்லையே" என்றேன். இருவருமாக லைசென்ஸ் உள்ள கடைக்குப் போனோம்.

அங்கிருந்த முதிய மிஸ்திரி பிடியின் மரப்பலகையை மெதுவாக நீக்கினார். முறிந்த துண்டு உடலோடு மட்டமாக நின்றது. வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் குறடால் பிடித்துத் திருப்பிவிடலாம். இங்கே அதற்கு வழியில்லை. துருவை இளக்கும் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, ரசீது எழுதிக் கொடுத்து, "நாளைக்கு வாருங்கள்" என்று இந்தியில் சொல்லி அனுப்பிவிட்டார்.

அந்த நிதானத்திற்குக் காரணம் உண்டு. திருகாணியை இறுக்கிப் பிடிப்பது அதன் தலைதான். தலை போனதும் இழுவிசையும் போய்விடும். மிச்சத் துண்டைப் பிடித்திருப்பது துருவும் அழுக்கும் மட்டுமே. எண்ணெய்க்கு நேரம் கொடுத்தால் பாதி வேலை முடிந்தது.

மறுநாள் துண்டின் நட்ட நடுவில் சென்டர் பஞ்சால் ஒரு புள்ளி வைத்தார். புள்ளி விலகினால் டிரில் பிட் உடலில் உள்ள புரியைத் தின்றுவிடும். பிறகு இடப்பக்கம் சுழலும் சிறிய டிரில் பிட்டைப் பொருத்தி மெல்ல ஓட்டினார். சாதாரண பிட் வலப்பக்கம் சுழன்று துண்டை இன்னும் உள்ளே தள்ளும். இது கழற்றும் திசையிலேயே வெட்டும். அரை நிமிடத்தில் துண்டு பிட்டோடு சுழன்று வெளியே வந்துவிட்டது!

நானாக இருந்தால் 'ஈஸி அவுட்' எடுத்திருப்பேன். பல வருடங்களுக்கு முன் ஒரு ஷெட்டில் அவசரப்பட்டு அதை முறுக்கினேன். அது உள்ளேயே முறிந்தது. கடினமாக்கப்பட்ட அந்த எஃகில் எந்த பிட்டும் இறங்கவில்லை. ஒரு மணி நேர வேலை மூன்று நாளாயிற்று. மிஸ்திரி தீயையும் கிட்டே கொண்டுவரவில்லை. சூடு ஏறினால் எஃகின் பதம் கெடும், மரப்பிடியும் கருகும்.

1911 மாடல் கோல்ட் பிஸ்டலில் இந்தத் தொல்லை குறைவு. அதில் பிடியின் திருகாணி உடலில் நேரே இறங்காமல், தனியாகக் கழற்றக்கூடிய ஒரு சிறு புஷ்ஷில் இறங்குகிறது. புரி கெட்டால் புஷ்ஷை மாற்றினால் போதும். விலை உயர்ந்த உடலுக்காக மலிவான புஷ் அடி வாங்கிக்கொள்கிறது.

முறிந்தது ஏன்? துடைக்கும்போதெல்லாம் நண்பர் "இன்னும் ஒரு சுற்று" இறுக்கியிருக்கிறார். ஸ்க்ரூடிரைவரும் வெட்டுக்குப் பொருந்தாதது. பிடி ஆடாமல் இருந்தால் போதும், அதற்கு மேல் இறுக்கம் தேவையில்லை.

வீட்டில் குக்கர் கைப்பிடிக்கும், தையல் மெஷினுக்கும் இதே விதிதான். அன்பர்களே, அடுத்த முறை திருகாணி முறிந்தால் முதலில் எண்ணெய் விடுங்கள். பிறகு போய் ஒரு காபி குடியுங்கள்.