விண்வெளியில் தீ! 6 வீரர்கள் உயிர் தப்பியது எப்படி?

வீட்டில் தீப்பிடித்தால் தெருவுக்கு ஓடி வரலாம். விண்வெளியில் தீப்பிடித்தால்? கதவுக்கு வெளியே காற்றே இல்லை. ஓடி எங்கே போறது?

1997-ம் ஆண்டு பிப்ரவரி 23-ந் தேதி 6 பேர் இப்படி மாட்டிக்கொண்டார்கள். இடம், ரஷியாவின் "மீர்" விண்வெளி நிலையம். பூமிக்கு மேலே சுமார் 400 கிலோ மீட்டர் உயரம். 4 பேர் ரஷியர்கள். ஒருவர் ஜெர்மனிக்காரர். இன்னொருவர் அமெரிக்க டாக்டர் ஜெர்ரி லினெங்கர்.

வழக்கமாக அங்கே 3 பேர்தான் இருப்பார்கள். பழைய கோஷ்டி கிளம்பவில்லை, புதுக் கோஷ்டி வந்துவிட்டது. விருந்தாளி வந்தால் நாம் உலையில் அரிசி கூடப் போடுவோம். அங்கே மூச்சுக் காற்றே கூட வேண்டும்!

அதற்கு ஒரு குழல் உண்டு. உள்ளே ரசாயனக் கட்டி. பற்ற வைத்தால் பிராண வாயு வரும். ஒரு குழல் ஒரு ஆளுக்கு ஒரு நாள் தாங்கும். அடுப்பு பற்ற வைப்பதுபோல அவர்களுக்கு அது அன்றாட வேலை.

சீறிய நெருப்பு

அன்று இரவுச் சாப்பாடு முடிந்தது. வீரர் லாசுட்கின் போய் குழலைப் பற்ற வைத்தார். திடீரென்று வெல்டிங் நெருப்பு மாதிரி ஜுவாலை சீறியது! உருகிய உலோகம் பொறிப் பொறியாகப் பறந்தது. நிலையம் முழுக்கப் புகை. கையை நீட்டினால் விரல் தெரியவில்லை.

முகமூடியை எடுத்து மாட்டினார் லினெங்கர். அது வேலை செய்யவில்லை! மூச்சை அடக்கிக்கொண்டு வேறொன்றைத் தேடி மாட்டினார். தீயணைக்கும் கருவியை இழுத்தால் சில கருவிகள் சுவரை விட்டு வரவில்லை. பூமியில் இருந்து அனுப்பியபோது போட்ட கட்டை யாரும் அவிழ்க்கவே இல்லையாம். என்ன சொல்றது!

3 பேருக்கு வழி இல்லை

தப்பி வர 2 "சோயுஸ்" கப்பல்கள் நிலையத்தோடு ஒட்டி நின்றன. ஒன்றில் 3 பேர்தான் உட்காரலாம். அதில் ஒரு கப்பலுக்குப் போகும் பாதையில்தான் நெருப்பு! 3 பேர் தப்பலாம். மற்ற 3 பேர்?

தலைவர் கோர்சுன் நெருப்புக்கு நேரே போனார். அங்கே எடை கிடையாது. கருவியில் இருந்து நுரை பாய்ந்தால் ஆளைப் பின்னுக்குத் தள்ளிவிடும். லினெங்கர் அவரைப் பிடித்துக்கொண்டார். ஒரு கருவி தீர்ந்ததும் அடுத்தது, பிறகு இன்னொன்று. கடைசியில் நெருப்பு அடங்கியது.

தீ ஒன்றரை நிமிடம்தான் எரிந்தது என்று அமெரிக்காவின் "நாசா" முதலில் சொன்னது. உள்ளே இருந்த லினெங்கரோ 14 நிமிடம் என்றார்.

யாருக்கும் உயிர்ச் சேதம் இல்லை. டாக்டர் எல்லோரையும் பரிசோதித்தார். பிறகு உட்கார்ந்து சுவரில் படிந்த கரியைத் துடைத்தார்கள்.

மார்ச் 2-ந் தேதி பழைய கோஷ்டியும் ஜெர்மனிக்காரரும் பூமிக்குத் திரும்பினார்கள். லினெங்கர் உள்பட 3 பேர் அங்கேயே தங்கினார்கள். அதே மாதம் தண்ணீரில் இருந்து பிராண வாயு பிரிக்கும் எந்திரமும் பழுதாகிவிட்டது.

மூச்சு விடணுமே! அதே மாதிரிக் குழலைத்தான் மறுபடியும் பற்ற வைத்தார்கள்.