98-க்கும் 100-க்கும் நடுவே: ஒரு கேமரா டிரைவரின் வரவு செலவு

சோனியின் ஐஎம்எக்ஸ் 290 சென்சாரில் குறுக்கே 1,945 பிக்சல், நெடுக்கே 1,097. பெருக்கினால் 21,33,665. ஒவ்வொரு பிக்சலும் பக்கத்துக்கு 2.9 மைக்ரோமீட்டர். மூலைவிட்டம் 6.46 மில்லிமீட்டர். அடுத்து ஐஎம்எக்ஸ் 327-ஐயும் 462-ஐயும் எடுத்துப் பார்த்தால், இந்த எண்களில் ஒன்றுகூட மாறுவதில்லை. மூன்று சில்லுகளும் 1,920க்கு 1,080 படத்தைத் தருகின்றன. மூன்றும் மங்கலான வெளிச்சத்தில் வேலை செய்யும் கண்காணிப்புக் கேமராக்களில் அதிகம் உட்கார்ந்திருப்பவை.

லினக்ஸ் கெர்னலில் 290-க்கு ஒரு டிரைவர் இருக்கிறது. அதன் தலைப்பில் உள்ள பதிப்புரிமை ஆண்டு 2019. இன்று அந்தக் கோப்பு 1,500 வரிகளைத் தாண்டிவிட்டது. 327-க்கும் 462-க்கும் ஆளுக்கொரு நகலெடுத்துப் பெயரை மாற்றியிருந்தால் 4,500 வரிகள் ஆகியிருக்கும். அப்படிச் செய்யவில்லை. 2023-ல் 290-இன் கறுப்பு வெள்ளை வகையும் 327-உம் அதே கோப்பில் சேர்ந்தன. 2024-ல் 462-க்கான ஒட்டு (பேட்ச்) வந்தது. இப்போது அந்த ஒரு கோப்பு ஐந்து சில்லுப் பெயர்களுக்குப் பதில் சொல்கிறது: நிறப்படம் தரும் 290, 327, 462, கறுப்பு வெள்ளையில் 290, 462. பின்னொட்டு எதுவுமில்லாமல் வெறும் 290 என்று எழுதப்பட்ட பழைய டிவைஸ் ட்ரீக்களும் (பலகையின் வன்பொருளைக் கெர்னலுக்கு விவரிக்கும் கோப்புகள்) உடைந்துபோகவில்லை; அந்தப் பெயர் நிறச் சென்சாரையே குறிப்பதாக டிரைவர் எடுத்துக்கொள்கிறது.

ஒரு சில்லைச் சேர்க்க ஆகும் செலவு என்ன? டிரைவருக்குள் சில்லுக்கொரு பதிவு உண்டு. அதில் சில்லின் பெயர், நிறமா கறுப்பு வெள்ளையா என்பது, தொடக்கத்தில் எழுத வேண்டிய ரெஜிஸ்டர்களின் பட்டியல், அந்தப் பட்டியலின் நீளம், அனலாக் கெய்னின் உச்சவரம்பு என ஐந்து செய்திகள். ஐந்து சில்லுக்கும் சேர்த்து 25. மற்ற அனைத்தும், அதாவது மின்சாரம் கொடுக்கும் வரிசை, கடிகாரம், எக்ஸ்போஷர், ஃபிரேம் வேகம், படத்தை வெளியே அனுப்பும் முறை ஆகியவை, பொதுச் சொத்து. வரிக்கணக்கில் பார்த்தால் இதைவிட மலிவான வேலை கெர்னலில் அரிது. ஆனால் அந்த 25 செய்திகளில் ஒவ்வொன்றும் சரியா என்று தெரிந்துகொள்ள ஒருவர் மூன்று தரவுத்தாள்களை அருகருகே வைத்து, ரெஜிஸ்டர் ரெஜிஸ்டராகப் படித்தாக வேண்டும். உண்மையான செலவு அந்தப் படிப்பில்தான் இருக்கிறது.

அதற்கு நல்ல உதாரணம் கெய்ன். இந்தக் குடும்பத்தில் கெய்னை 0.3 டெசிபல் படிகளாக ஒரே ரெஜிஸ்டரில் எழுதுகிறார்கள். 290-இல் 0 முதல் 100 வரை அனலாக் பெருக்கம்: 100 படி, 30 டெசிபல், ஏறக்குறைய 31.6 மடங்கு. அதற்கு மேல் 240 வரை, அதாவது 72 டெசிபல் வரை, டிஜிட்டல் பெருக்கம். 327-லும் 462-லும் அனலாக் 29.4 டெசிபலோடு நின்றுவிடுகிறது. 29.4-ஐ 0.3-ஆல் வகுத்தால் 98. மடங்கில் 29.5. அதற்கு மேல் 42 டெசிபல் டிஜிட்டல், மொத்தம் 71.4, படிக் கணக்கில் 238.

வித்தியாசம் இரண்டே படி. 0.6 டெசிபல் என்றால் வெளிச்சத்தில் சுமார் 7 சதவீதம். கண்ணுக்குத் தெரியாது என்று விட்டுவிடத் தோன்றும். விடக்கூடாது என்பதே என் கருத்து. அனலாக் பெருக்கம் சமிக்ஞை எண்ணாக மாறும் முன்பே நடக்கிறது. டிஜிட்டல் பெருக்கம் எண்ணாக மாறிய பிறகு அந்த எண்ணையே பெருக்குகிறது, புதிய தகவல் எதையும் தருவதில்லை. 327-ஐ 100 வரை போக விட்டால், 99-உம் 100-உம் அனலாக் என்ற பெயரில் டிஜிட்டலைக் கொடுக்கும். டிரைவர் சொல்வதை நம்பி எக்ஸ்போஷரைக் கணக்கிடும் மென்பொருளுக்கு அது தவறான வாக்குமூலம்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 327-இன் எல்லை 29.4 என்பது டிரைவருக்குள் ஒரு விளக்கக் குறிப்பாக முன்பே எழுதப்பட்டிருந்தது. அந்தச் சில்லுகளைச் சேர்க்கும்போது எல்லையையும் திருத்த வேண்டும் என்றும் அதே குறிப்பு சொன்னது. 2023-ல் 327 சேர்ந்தது. எல்லை 100-ஆகவே நின்றது. 462-ஐச் சேர்க்கும் வேலையின்போதுதான், 2024-ல், சில்லுவாரியாக 100, 98 எனப் பிரித்து எழுதி அந்தக் குறிப்பை நீக்கினார்கள். எச்சரிக்கையாக எழுதிவைத்த எண் செயலுக்கு வர, இன்னொரு சில்லு வந்து சேர வேண்டியிருந்தது.

அதே சமயத்தில் வெளிப்பட்ட இன்னொரு கணக்கு, பதினாறடிமானத்தில் 3011 என்ற முகவரியில் இருக்கும் ரெஜிஸ்டர். 290-க்கு அதில் 00 எழுத வேண்டும், 327-க்கு 02. அதுவரை எல்லாருக்கும் பொதுவான பட்டியலில் இருந்த அதை எடுத்து, சில்லுக்குரிய தனிப் பட்டியல்களில் போட்டார்கள். மாறிய விஷயம் ஒரு பிட். பொதுப் பட்டியலில் தங்கிப்போகும் இப்படிப்பட்ட ஒரு பிட்டைக் கண்டுபிடிக்க, வேறுபாடு எங்கே என்று தேடும் கண்ணோடு இரண்டாவது முறை படிப்பதைத் தவிர வழியில்லை.

சில்லுக்குத் தனிப் பட்டியல் வைப்பதால் நேரம் வீணாகிறதா என்றால், இல்லை. ஐ2சி இணைப்பில் ஒரு ரெஜிஸ்டரை எழுதச் சாதன முகவரிக்கு ஒரு பைட், ரெஜிஸ்டர் முகவரிக்கு இரண்டு, மதிப்புக்கு ஒன்று: நான்கு பைட். ஒவ்வொன்றும் ஒப்புகையோடு 9 பிட், தொடக்கமும் முடிவும் சேர்த்து 38 பிட் எனலாம். 400 கிலோஹெர்ட்ஸில் 95 மைக்ரோநொடி. நூறு ரெஜிஸ்டர் எழுதினாலும் 9.5 மில்லிநொடி. சென்சாரை உறக்கத்திலிருந்து எழுப்பிவிட்டு டிரைவர் காத்திருக்கும் நேரம் மட்டுமே 30 மில்லிநொடி.

வரவுப் பக்கத்துக்கு வருவோம். பொதுச் சொத்து எவ்வளவு பெரியது என்பதை ஒரு பெருக்கல் காட்டும். 1080 வரிப் படத்துக்கு வரிக்கு 2,200 கடிகாரத் துடிப்பு, ஃபிரேமுக்கு 1,125 வரி, நொடிக்கு 60 ஃபிரேம்: 14,85,00,000. டிரைவர் வெளியே சொல்லும் பிக்சல் வேகம் இதுதான், 148.5 மெகாஹெர்ட்ஸ். 720 வரிப் படத்துக்கு 3,300, 750, 60. விடை அதே 148.5. 1080 வரிப் படத்தை இரண்டு தரவு லேனில் அனுப்பும்போது இணைப்பு அலைவெண் 445.5 மெகாஹெர்ட்ஸ், துடிப்புக்கு இரு பிட் வீதம் லேனுக்கு 891 மெகாபிட், இரண்டுக்கும் 1,782. அதை 12 பிட்டால் வகுத்தால் மீண்டும் 148.5. நான்கு லேன் என்றால் அலைவெண் பாதியாகி 222.75. இந்தக் கணக்கு ஒரு சில்லுக்குப் பொருந்தினால் மூன்றுக்கும் பொருந்தும்.

படத்தைத் திருப்பும் வசதியில் பொதுச் சொத்தின் அருமை இன்னும் நன்றாகத் தெரிகிறது. 1,920 பிக்சலுக்கு இடப்பக்கம் 12, வலப்பக்கம் 13 ஓரம்: கூட்டினால் 1,945. 1,080 வரிக்கு மேலே 8, கீழே 9: கூட்டினால் 1,097. ஏன் இந்த ஒற்றைப்படை மிச்சம்? நிறச் சென்சாரில் வடிகட்டிகள் இரண்டுக்கு இரண்டாக அமைந்துள்ளன. 1,920 என்ற இரட்டை அகலத்தை அப்படியே கண்ணாடி போலத் திருப்பினால் சிவப்பு முதலில் வருவதற்குப் பதில் பச்சை வந்துவிடும். அதைத் தவிர்க்க, திருப்பும்போது சென்சார் தன் வாசிப்புச் சாளரத்தையே ஒரு பிக்சல் நகர்த்திக்கொள்கிறது. நிற வரிசை மாறுவதில்லை, ஆனால் சாளரத்தின் இடம் 12-லிருந்து 13-க்கும் 8-லிருந்து 9-க்கும் போகிறது. டிரைவர் அதையும் சரியாகத் தெரிவிக்க வேண்டும். 2023-ல் 290-க்காக எழுதிய இந்த நுட்பம், அடுத்த ஆண்டு வந்த 462-க்கு ஒரு வரிகூடச் செலவில்லாமல் கிடைத்தது. தனி நகலாக இருந்திருந்தால் யாராவது நினைவு வைத்துப் போய்ச் சேர்த்திருக்க வேண்டும். ரெஜிஸ்டர்களை எழுதுவதற்கான பொது உதவி நிரல்களுக்கு 2023-ல் இந்த டிரைவரை மாற்றியபோதும் திருத்தியது ஒரே ஒரு கோப்பைத்தான்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு எண் நெருங்கிய சில்லுகளை எல்லாம் ஒரே கூரைக்குள் கொண்டுவரலாம் என்று நினைத்தால் கணக்கு தப்பும். ஐஎம்எக்ஸ் 296 பெயரளவில் 290-க்கு ஆறு தள்ளித்தான் இருக்கிறது. ஆனால் பிக்சல் 3.45 மைக்ரோமீட்டர், படம் 1,456க்கு 1,088, குளோபல் ஷட்டர். அதற்குக் கெர்னலில் தனி டிரைவர், சரியாகவே. 172 தள்ளியிருக்கும் 462 உள்ளே, 6 தள்ளியிருப்பது வெளியே.

குறையாத செலவு ஒன்று மிஞ்சுகிறது: சோதனை. உள்ளீட்டுக் கடிகாரம் 37.125 அல்லது 74.25 மெகாஹெர்ட்ஸ், லேன் 2 அல்லது 4, ஆழம் 10 அல்லது 12 பிட், படம் 1080 அல்லது 720. ஒரு சில்லுக்கு 16 சேர்க்கை. ஐந்து சில்லுக்கு 80. திருப்பும் நான்கு நிலைகளையும் சேர்த்தால் 320. எல்லாவற்றையும் மேசையில் வைத்துப் பார்க்க எவரிடமும் பலகைகள் இருக்காது. எனவே புதிய சில்லோடு வருபவர் தன்னிடம் உள்ள பலகையில் எந்தக் கடிகாரம், எத்தனை லேன் என்று எழுதிவிட்டு, கெய்னின் கடைசி மூன்று படிகளில் ஒரே காட்சியின் இரைச்சலை அளந்து சொன்னால், 98-ஆ 100-ஆ என்ற கேள்விக்குத் தரவுத்தாளோடு இன்னொரு சாட்சியும் கிடைக்கும்.