எல்லை தாண்ட ஒரு சீட்டு

பெங்களூரிலிருந்து நம்ம நல்லம்பள்ளிக்கு தேசிய நெடுஞ்சாலை 44 வழியாகச் சுமார் 140 கிலோமீட்டர். மூன்று மணி நேரப் பயணம். 2020-இல் எங்க அப்பாவுக்கு அது நான்கு நாள் ஆனது.

மார்ச் 25-இல் நாடெங்கும் ஊரடங்கு. அப்பா அங்கே கட்டட வேலையில் இருந்தார். மே மாதம் ஊரில் ஆயா இறந்துபோனார். மாநில எல்லை தாண்ட இ-பாஸ் வேண்டும். திருமணம், இறப்பு, அவசர மருத்துவம், சொந்த ஊர் திரும்புதல் போன்ற காரணங்களுக்கே கொடுத்தார்கள். வண்டி எண், அடையாள அட்டை, காரணத்துக்குச் சான்று எல்லாம் சேர்க்கணும்.

அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்து அறைக்காரர் போனில் போட்டுக் கொடுத்தார். வண்டி எண்ணில் ஒரு எழுத்து தவறு, விண்ணப்பம் தள்ளுபடி. மறுபடி போட்டு, ஜூஜூவாடி சோதனைச் சாவடி தாண்டி வருவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது.

வந்தபின்னும் 14 நாள் தனிமை. தொற்றியவருக்குப் பெரும்பாலும் அதற்குள் அறிகுறி தெரிந்துவிடும் என்பதே அந்தக் கணக்கு. திண்ணையில் அவர் தனியாக அழுதார். நாங்கள் வாசலில் நின்றோம்.

இப்படிப்பட்ட காலத்தில் கிளம்புமுன் பார்க்க வேண்டியவை: இரு மாநில அனுமதியும் உண்டா? வண்டி எண் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா? நகல் கையில் இருக்கிறதா? கடை மூடியிருந்தால் சோறு, தண்ணீர்? வீட்டில் தனி இடம்?

அப்போது நான் ஏழாவது. இன்று எங்க தெருவில் யார் விண்ணப்பம் கொண்டுவந்தாலும் நான்தான் எழுதுகிறேன். எண்களை இரண்டு தடவை படிப்பேன்.