பழைய கணிப்பொறியின் எஞ்சிய ஆயுள்

மூலதனப் பொருள்கள் பயனிழப்பதற்கு இரு காரணங்கள் உண்டு. உழைத்துத் தேய்ந்து போவது ஒன்று. பொருள் நல்ல நிலையில் இருக்கும்போதே சூழ்நிலை மாறி, வழக்கொழிந்து போவது மற்றொன்று. தறியும் மாவு இயந்திரமும் பெரும்பாலும் முதல் வகையால் ஓய்வு பெறுகின்றன. இல்லங்களில் உள்ள கணிப்பொறியோ இரண்டாம் வகையாலேயே ஒதுக்கப்படுகிறது. சேமிப்பிலிருந்தோ தவணையிலோ அதனை வாங்கிய நடுத்தரக் குடும்பத்திற்கு இது சிறிய இழப்பன்று. எனவே, எந்நிலையில் அதனை வைத்துக்கொள்வது, எந்நிலையில் விலக்குவது என்பது ஆராயத்தக்க கேள்வியாகும்.

ஆதரவு நிறுத்தம்

2015 ஜூலையில் வெளியான விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அளித்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. இல்லப் பயனாளிகள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் பெறலாம் என்றும் அறிவிக்கப்பட்டது. 2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லையும், குறைந்தது 4 ஜிகாபைட் நினைவகத்தையும், 64 ஜிகாபைட் சேமிப்பிடத்தையும் கோருகிறது. இன்டெல் பிராசசர்களில், 2017இல் வரத் தொடங்கிய எட்டாம் தலைமுறைக்கு முற்பட்டவை, சிலவற்றைத் தவிர, அதன் ஏற்புப் பட்டியலில் இல்லை.

ஆதரவு நின்ற மறுநாளும் கணிப்பொறி வழக்கம்போலவே இயங்கும். ஆபத்தும் இதில்தான் அடங்கியுள்ளது. புதிதாகக் கண்டறியப்படும் பாதுகாப்புக் குறைகள் அதன்பின் அடைக்கப்படமாட்டா. அத்தகைய கணிப்பொறியில் வங்கிக் கணக்கையும் வருமான வரிப் படிவத்தையும் கையாள்வது, பூட்டு பழுதான கதவுக்குப் பின்னே பெட்டகத்தை வைப்பதற்கு ஒப்பாகும். செலவில்லை என்று தோன்றும் இவ்வழியே முடிவில் மிகுந்த செலவு வைக்கக்கூடியது.

குறையை முதலில் அறிதல்

கணிப்பொறி மெதுவாக இயங்குகிறது என்பதே பொதுவான முறையீடு. பெரும்பாலும் இதற்குக் காரணம் பிராசசர் அன்று. பழைய மடிக்கணிப்பொறிகளில் உள்ள ஹார்டு டிஸ்க், நிமிடத்திற்கு 5,400 முறை சுழலும் தட்டிலிருந்து தகவலைத் தேடி எடுக்கிறது. அதற்குப் பதிலாக, சுழலும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி.யைப் பொருத்தினால், தொடங்குவதற்குச் சில நிமிடங்கள் எடுத்துக்கொண்ட கருவி ஒரு நிமிடத்திற்குள் ஆயத்தமாகிவிடும். 4 ஜிகாபைட் ராம் நினைவகத்தை 8 ஆக உயர்த்துவது அடுத்த படி. சில மாதிரிகளில் ராம், பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும்; அவற்றில் இது இயலாது. 2025இன் பிற்பகுதியில் நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் உயர்ந்தமையால், விலையை விசாரித்த பின்னரே முடிவு செய்தல் நலம்.

இன்னும் எளிய குறைகளும் உண்டு. மேசைக் கணிப்பொறியின் பலகையில் உள்ள நாணய வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டால் தேதி பின்னோக்கிச் சென்றுவிடும். தேதி தவறினால் வங்கித் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் ஏற்கப்படுவதில்லை. இணையமே பழுது என்று கருதப்படும் இக்குறை, மிகக் குறைந்த செலவில் தீரக்கூடியது.

மென்பொருள் தேர்வு

விண்டோஸ் 11 ஏற்காத கணிப்பொறிக்கு லினக்ஸ் இயங்குதளங்கள் தகுந்த மாற்றாகும். 1993இல் தொடங்கிய டெபியன், அதனை அடிப்படையாகக் கொண்டு நமது சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ், பழகுவதற்கு எளிதான லினக்ஸ் மின்ட் ஆகியவை கட்டணமின்றிக் கிடைக்கின்றன. பென் டிரைவிலிருந்தே இவற்றை இயக்கிப் பார்க்கலாம். ஒலி, வைஃபை, அச்சுப்பொறி ஆகியன ஒத்துழைக்கின்றனவா என்று அறிந்து, கோப்புகளைப் படியெடுத்து வைத்த பின்னர் நிறுவலாம். மிகப் பழைய 32 பிட் கணிப்பொறிகளுக்கு இவ்வாய்ப்பு குறைந்து வருகிறது. 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13இல் அவற்றில் நிறுவுவதற்கான வசதி கைவிடப்பட்டுவிட்டது.

பெரிய அளவில் இது நடைமுறைக்கு ஒவ்வாது என்று கூறுவோர்க்குக் கேரளம் விடையளிக்கிறது. அங்கு இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டமும், அதன் வழிவந்த 'கைட்' நிறுவனமும் அரசுப் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருளையே நிலைபெறச் செய்துள்ளன. மைய அரசும் 2015இல் திறந்த மூல மென்பொருள் கொள்கையை வெளியிட்டது.

எனினும், இது எல்லோருக்கும் பொருந்தும் என்று கூறுவதற்கில்லை. டேலி போன்ற கணக்கு மென்பொருள் விண்டோஸுக்கென அமைந்தது. மேக்ரோ நிறைந்த எக்செல் தாள்கள் லிப்ரே ஆபீஸில் எப்போதும் சரிவர இயங்குவதில்லை. எனவே கடை வைத்திருப்போரும் கணக்கர்களும் புதிய கணிப்பொறிக்குச் செலவிடுவது நியாயமே. படிப்பு, கடிதப் போக்குவரத்து, இணையத்தள வங்கிப் பணி ஆகியவற்றோடு நிற்கும் குடும்பத்திற்கு அச்செலவு தேவையில்லை.

நாட்டின் கணக்கு

வீட்டின் சிக்கனம் நாட்டின் நலனோடும் தொடர்புடையது. 2022இல் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு உருவானது எனவும், அதில் 22.3 விழுக்காடே முறையாகச் சேகரிக்கப்பட்டு மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவாகியுள்ளது எனவும் 2024ஆம் ஆண்டின் உலக மின்னணுக் கழிவு அறிக்கை கூறுகிறது. நம் நாட்டில் தில்லியின் சீலம்பூரிலும் உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத்திலும் தாமிரத்தைப் பிரித்தெடுக்கக் கம்பிகளையும் சுற்றுப் பலகைகளையும் எரித்ததால் காற்றும் மண்ணும் நஞ்சாயின. அதன் சுமையை ஏற்றவர்கள் கருவியை வாங்கிப் பயன்படுத்தியவர்கள் அல்லர். அதனைப் பிரித்துப் பிழைத்த ஏழைத் தொழிலாளரே.

2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், உற்பத்தியாளருக்கு மறுசுழற்சிப் பொறுப்பை விதிக்கின்றன. பழைய கருவிகளைப் புதுப்பிப்போருக்கும் இடமளிக்கின்றன. உதிரி பாகங்கள், பழுதுபார்க்கும் வசதி ஆகியவை பற்றிய தகவல்களை ஓரிடத்தில் தருவதற்கென நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் தனித் தளம் ஒன்றைத் தொடங்கியது.

ஆகவே, குடும்பத் தலைவர் புதிய கணிப்பொறி வாங்கும் முன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளல் தகும்: செய்ய வேண்டிய பணி எது? அதற்குத் தடையாக இருப்பது எந்தப் பாகம்? அதனை மாற்ற ஆகும் செலவு, புதியதன் விலையில் எத்தனை பங்கு? மூன்றில் ஒரு பங்கிற்குள் அடங்குமாயின் புதுப்பிப்பதே சிக்கனம் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. அடங்காவிடில், சேமிப்பில் உள்ளவற்றை மீட்க முடியாதபடி அழித்து, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் பழையதை ஒப்படைக்க வேண்டும். பாதுகாப்புத் திருத்தம் இன்றி அதனை இணையத்தில் தொடர்ந்து பயன்படுத்துவதும், பரணில் போட்டு மறந்துவிடுவதும் தவிர்க்க வேண்டியவை.