வழி: பென்னாகரம்

எங்கள் பள்ளியில் உயர்தொழில்நுட்ப ஆய்வகம் ஒரு கட்டடத்தில். 6 முதல் 8 வரையிலான வகுப்புகள் மைதானத்துக்கு அந்தப் பக்கம். இணைய இணைப்பு ஆய்வகத்தில் மட்டும்தான். அந்தப் பக்கத்து ஆசிரியர்கள் எமிஸ் பதிவுகளைச் சொந்தக் கைப்பேசி டேட்டாவில்தான் செய்துவந்தார்கள். ஒதுக்கி வைத்திருந்த பழைய கணினி ஒன்றில் இரண்டாவதாக ஒரு நெட்வொர்க் கார்டைப் பொருத்தி, பாஸ் லினக்ஸ் நிறுவி, அதை ரவுட்டராக்க முயன்றேன். சி-டாக் உருவாக்கிய இந்த இயங்குதளத்தை விலையில்லா மடிக்கணினிகளில் பார்த்திருப்பீர்கள்.

இணையம் தரும் மோடத்தின் முகவரி 192.168.1.1. நடுக் கணினியில் ஆய்வகப் பக்கக் கார்டுக்கு 192.168.1.2, மறுபக்கக் கார்டுக்கு 192.168.2.1 எனக் கொடுத்தேன். மறுபக்கக் கணினிகள் எல்லாவற்றுக்கும் 192.168.2.1தான் கேட்வே. நடுக் கணினியின் டீஃபால்ட் ரூட் மோடத்தை நோக்கி. வேலை முடிந்தது என்று நினைத்தேன். ஒரு தளமும் திறக்கவில்லை.

முதல் காரணம் எளிது. இரண்டு கார்டு இருப்பதாலேயே ஒரு கணினி ரவுட்டர் ஆகிவிடாது. தனக்கு உரியதல்லாத பாக்கெட்டை அது கடத்தாமல் விட்டுவிடும். நாமாகச் சொன்னால்தான் கடத்த வேண்டும் என்பது 1989 முதலே இணைய நெறிமுறைகளில் உள்ள விதி. ஐபி ஃபார்வர்டு என்ற அமைப்பை 0இலிருந்து 1 ஆக மாற்றினேன்.

அப்போதும் இணையம் வரவில்லை. இரண்டு மாலை நேரங்கள் இதிலேயே போயின. நடுக் கணினியையே குடைந்துகொண்டிருந்தேன். பிறகு டிசிபிடம்ப் கட்டளையை இயக்கி ஆய்வகப் பக்கக் கார்டைக் கவனித்தேன். பாக்கெட்டுகள் ஒழுங்காக மோடத்துக்குப் போகின்றன. பதில்தான் வரவில்லை! 192.168.2.0 என்ற வலையமைப்பு இருப்பதே மோடத்துக்குத் தெரியாது. தெரியாத முகவரிக்கான பதிலை அது வெளியே, இணையத்தின் பக்கம் தள்ளிவிடுகிறது. தனி வலையமைப்பு முகவரி என்பதால் அங்கே அது கைவிடப்படுகிறது.

தருமபுரி பேருந்து நிலையத்தில் 'ஒகேனக்கல், வழி: பென்னாகரம்' என்ற பலகையைப் பார்க்கிறோம். அதற்கப்பால் உள்ள மலைப்பாதையின் வளைவுகள் பயணிக்குத் தெரிய வேண்டியதில்லை; அடுத்து எங்கே போக வேண்டும் என்பது போதும். ஸ்டாட்டிக் ரூட் என்பது அந்தப் பலகைதான். மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் ஒரே வரி சேர்த்தேன்: 192.168.2.0/24, வழி 192.168.1.2. மறுபக்கத்தில் உடனே இணையம் வந்தது. (சில மோடங்களில் இந்த வசதி இருக்காது. அப்போது நடுக் கணினியில் மாஸ்க்கரேடு முறையைப் பயன்படுத்தலாம். ஆனால் யார் எங்கிருந்து வருகிறார்கள் என்பது மோடத்துக்குத் தெரியாது.)

மின்வெட்டுக்குப் பின் மீண்டும் நின்றது. கட்டளை வரியில் தருபவை கணினி அணைந்ததும் மறைந்துவிடும். ஐபி ஃபார்வர்டை சிஸ்சிடிஎல் கோப்பிலும், முகவரிகளையும் டீஃபால்ட் ரூட்டையும் இன்டர்ஃபேசஸ் கோப்பிலும் எழுதிய பிறகே நிலைத்தது.

12ஆம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் வலையமைப்பு வரும்போது, மோடத்தில் உள்ள அந்த ஒரு வரியை நீக்கிவிட்டு, மறுபக்கக் கணினியிலிருந்து பிங் செய்யச் சொல்கிறேன். 192.168.1.2 பதில் தரும், 192.168.1.1 தராது. ஒரே கேபிளில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டில் ஒன்று மட்டும் ஏன் பேசவில்லை என்பதைக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு அவர்களே கண்டுபிடிக்க ஒரு பாடவேளை போதுமானதாக இருக்கிறது.