அடைபட்ட வெந்நீர்

திருகோணமலைக்கு அண்மையில், கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் உண்டு. நிலத்தின் ஆழத்திலே சூடேறிய நீர் அங்கு மேலெழுந்து, திறந்த வாயினூடே ஆவியை விடுத்து அமைதியாக நிற்கின்றது. இயற்கை தானே செய்யும் அப்பணியை நகரவாசிகளாகிய நாம், குளியலறைச் சுவரிலே மாட்டிய ஓர் இரும்புக் கலத்திடம் ஒப்படைத்துள்ளோம். கிணற்றுக்கு வாய் உண்டு; கலத்துக்கோ வாய் இல்லை. இவ்வேறுபாடு எத்துணைப் பெரிது என்பதை, நுகேகொடையில் என் இல்லத்தில் நேர்ந்த ஒரு சிறு பழுது எனக்குக் கற்பித்தது.

முழங்கால் நோவுடைய என் தாயாருக்கு மழைக்கால விடியலில் வெந்நீர் மருந்துக்குச் சமம். சில வாரங்களாக அது நூலிழை போலவே வடிந்தது. வாளி நிறையுமுன் நீர் ஆறிவிடும். யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரோடு வாழ்ந்து பழகிய அம்மா, "கேத்திலுக்குள்ளை படியிற வெள்ளைதான் இதுக்குள்ளையும் படிஞ்சிருக்கும்" என்றார். அயலவர்களோ, புதிய கொதிகலன் ஒன்றை வாங்கிவிடுமாறு கூறினர். நான் பணப்பையை எண்ணிப் பார்த்தேன்; பின்னர் கொட்டாஞ்சேனையிலிருந்து முதிய தொழிலாளர் ஒருவரை வரவழைத்தேன்.

கைத்தொழில் வல்லாரைக் கொழும்பிலே 'பாஸ்' என்று அழைப்பது வழக்கம். ஒல்லாந்தர் விட்டுச் சென்ற சொல் அது. தலைவன் என்பது அதன் பொருள். வந்த பாஸ், கருவிப் பையை உடனே அவிழ்க்கவில்லை. வீட்டிலுள்ள குழாய்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். தண்ணீர்க் குழாய்கள் யாவற்றிலும் நீர் விசையோடு பாய்ந்தது. சுடுநீர் மட்டும் எங்கும் மெலிந்தே வந்தது.

"ஒரு குழாயிலை மட்டும் குறைஞ்சால் அந்தக் குழாயிலை பிழை, சேர். எல்லாச் சுடுநீர்க் குழாயிலையும் குறைஞ்சால் கலத்துக்குப் போற வழியிலை, இல்லாட்டி வாற வழியிலை பிழை" என்றார்.

முதலில் மின் ஆளியை அணைத்தார். மின்சாரம் இல்லை என்பதைச் சோதித்து உறுதி செய்துகொண்டார். நீர் வரும் வழியை மூடினார். கலம் ஆறும்வரை பொறுத்திருந்தார். அதன் பின்னரே நீரை வடித்து, நுழைவாயிலைக் கழற்றினார். உள்ளே இருந்த சிறு சல்லடை, துருப்பொடியாலும் மணலாலும் ஏறக்குறைய முற்றாக அடைபட்டிருந்தது. அதையடுத்த பழைய நாகமுலாம் பூசிய குழாய்த் துண்டின் உட்சுவரிலோ துரு தடித்து வளர்ந்திருந்தது.

அம்மாவின் ஊகம் யாழ்ப்பாணத்துக்குப் பொருந்தும். அங்கே நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கல்லினூடே ஊறி வருவது. சூடேறும்போது கரைந்த சுண்ணாம்பு பிரிந்து கலத்தில் ஒட்டிக்கொள்ளும். கொழும்புக்கு நீர் வரும் வழி வேறு. 1886-ஆம் ஆண்டு முதல் லபுகம நீர்த்தேக்கமும், பின்னர் களனி கங்கையும் ஊட்டிவரும் இந்நகரின் நீர் மென்னீர். இங்கே சுண்ணாம்பு அன்று, பழங்குழாயின் துருவே பகை.

குழாயின் விட்டம் பாதியானால் நீரும் பாதியாகும் என்று எண்ணுவோம். உண்மை அதுவன்று. வாயின் பரப்புக் காற்பங்காகிறது. சுவரின் உராய்வும் சேர, வீட்டுக் குழாயில் ஓடும் நீர் ஏறத்தாழ ஆறிலொரு பங்காகச் சுருங்கிவிடும். கலம் பழுதுபடவேயில்லை. இரண்டங்குலத் துண்டு ஒன்றின் குற்றத்துக்காக முழுக் கலத்தையும் தூக்கியெறிய இருந்தேன்.

இவ்வளவோடு முடிந்திருந்தால் இதனை எழுதியிருக்க மாட்டேன். கலத்தின் அடியிலிருந்த காப்பு வால்வைத் தடவிய பாஸின் கை சட்டென நின்றது. அதன் வாயிலே ஒரு மரக்கட்டை அறையப்பட்டிருந்தது.

"ஆர் சேர் இதை அடைச்சது?"

நான்தான். சென்ற ஆண்டு அதிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் விழுந்து தரையை நனைத்தது. ஒழுக்கென்று கருதி, கட்டையைச் செதுக்கிச் சுத்தியலால் அறைந்தவன் நானே.

அவர் கடிந்துகொள்ளவில்லை. "அது ஒழுக்கில்லை, சேர். அது கலம் விடுற மூச்சு" என்றார்.

வெப்பத்தால் நீர் விரியும். ஐம்பது லீற்றர் நீரை அறை வெப்பத்திலிருந்து அறுபது பாகை செல்சியஸுக்குச் சூடாக்கினால் அரை லீற்றருக்கு மேல் பெருகும். வந்த வழியே திரும்பவொட்டாமல் நுழைவாயிலில் தடை இருப்பதால், அந்த மிகுதி காப்பு வால்வின் வழியே சொட்டித்தான் தீரவேண்டும். வெப்பக் கட்டுப்படுத்தியும் ஒருநாள் பழுதுபட்டு நில்லாமல் சூடேற்றினால், அமுக்கத்தில் அடைபட்ட நீர் நூறு பாகையைக் கடந்தும் கொதியாமல் நிற்கும். கலம் பிளந்த கணத்தில் அதன் ஒரு பகுதி ஆவியாகப் பாயும்; ஆவியாகும் நீர் கொள்ளும் இடமோ 1,600 மடங்குக்கும் அதிகம். அக்கலத்தின் கீழேதான் என் தாயார் நாள்தோறும் குளித்து வந்தார்.

1679-இல் டெனிஸ் பப்பின் என்னும் பிரெஞ்சு அறிஞர் இலண்டனில், எலும்பையும் மென்மையாக்கும் மூடிய சமையற் கலம் ஒன்றை அமைத்தார். வெடிப்புக்கு அஞ்சி அதற்கு எடையேற்றிய வால்வு ஒன்றையும் அவர் பொருத்தினார். நம் அடுக்களை அமுக்கக் கலத்தின் விசில் அதன் வழித்தோன்றலே. மூடிய கலத்துக்கு ஒரு வாய் வேண்டும் என்பது மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே அறிந்த உண்மை. நானோ விஞ்ஞான ஆசிரியன். 'வெப்பத்தால் பொருள்கள் விரிவடையும்' என்று முப்பது ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதி வந்தவன். எழுதிய அதே கையால் கட்டையையும் அறைந்தவன்.

மாணவர்க்கு நாம் வாய்பாட்டைத் தருகிறோம். அது வீட்டுச் சுவரில் எங்கே குடியிருக்கிறது என்பதைக் காட்டுவதில்லை. பாஸ் வாய்பாடு அறியார். ஆயினும் சொட்டும் துளியைக் கண்டு, அதன் காரணத்தைக் கேட்கும் பொறுமை அவரிடம் இருந்தது.

துருப்பிடித்த துண்டை மாற்றி, சல்லடையைக் கழுவி, புதிய காப்பு வால்வைப் பொருத்தினார். அதன் வாயிலிருந்து வடிகாலுக்கு ஒரு சிறு குழாயும் இறக்கினார். கேட்ட கூலி, புதிய கலத்தின் விலையில் ஒரு சிறு பங்கே. மறுநாட் காலை வாளி விரைவில் நிறைந்தது. அம்மா குளித்து வந்து, "பிள்ளை, அது இப்பவும் சொட்டுதடா" என்றார்.

"சொட்டட்டும் அம்மா" என்றேன்.