வண்ண அச்சின் பிழை நாடல்

கண்காட்சிக்கென அச்சிட்ட பச்சைக்கிளி மஞ்சளாக வருகிறது. உடனே நூற்றுக்கணக்கில் செலவிட்டுப் புது மைக்கூடுகள் வாங்குவதா? பொறுங்கள், முதலில் குறை எங்கே என்று காண்போம்.

மைத்தெளிப்பு அச்சுப்பொறியில் சயான் என்னும் வெளிர்நீலம், மெஜந்தா என்னும் செவ்வூதா, மஞ்சள், கறுப்பு ஆகிய 4 மைகளே பல நிறங்களையும் ஆக்குகின்றன. சயானும் மஞ்சளும் கூடிப் பச்சை பிறக்கிறது. ஆதலின் பச்சை மஞ்சளானால் சயான் இறங்கவில்லை. சிவப்பு மஞ்சளானால் மெஜந்தா இறங்கவில்லை.

அடுத்து, பொறியிலுள்ள ‘நாசில் செக்’ என்னும் சோதனைத் தாளை அச்சிடுக. ஒரு நிறத்தின் கோடுகள் அறுபட்டிருந்தால், அம்மை தீர்ந்திருக்கலாம். அல்லது நுண்துளைகளில் உலர்ந்து அடைத்திருக்கலாம். மை இருப்பின் துப்புரவுக் கட்டளை இடுக. அதுவும் மையைச் செலவழிக்குமாதலின், ஒருமுறை செய்து, மீண்டும் சோதித்த பின்னரே மறுமுறை செய்க. பல நாள் அச்சிடாதிருப்பதே அடைப்புக்கு ஒரு காரணம். வாரம் ஒரு வண்ணப் பக்கம் அச்சிடுதல் நன்று.

கோடுகள் செம்மையாக இருந்தும் எழுத்துக் கசிந்தால், தாளை ஐயுறுக. சேர்வராயன் மலையில், எங்கள் செம்மநத்தத்தில், மூடுபனி நாள்களில் திறந்து வைத்த தாள் ஈரம் உறிஞ்சி நெளிவதை நான் காண்கிறேன். அத்தகைய தாளில் மை பரவும். லேசர் பொறியிலோ வண்ணத்தூள் சரிவர ஒட்டாது உதிரும். இதற்குப் புது மைக்கூடு மருந்தாகாது. தாள்கட்டை இறுக மூடி உலர்ந்த இடத்தில் வைத்தலே போதும்.